ஸ்ட்ராஸ்பூரில் நாற்பது நிமிடம்

ஓபவா
3 ஜூன் 1990

அன்புள்ள தம்பி ஹீனெக்குக்கு,

அக்கா மிலதா எழுதுவது. நான், என் வீட்டுக்காரர் விலெம், மகள் அலேனா மூவரும் சுகமாக இருக்கிறோம். விலெமின் முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே வலிக்கத் தொடங்கிவிடுகிறது. வானொலியைவிட அதுதான் சரியாகச் சொல்கிறது. உன் உடம்பு எப்படி? புத்தாண்டு அட்டையில் இரண்டே வரி எழுதினால் எதைத் தெரிந்துகொள்வது?

ஆட்சி மாறியதிலிருந்து வெளிநாட்டுக் கடிதங்களை யாரும் பிரித்துப் படிப்பதில்லை என்கிறார்கள். நான் இன்னும் உறையை லேசாகத்தான் ஒட்டுகிறேன். பிரிக்கிறவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று இருபது வருடம் பழகிய கை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளி ஆசிரியர்களைச் செப்டம்பரில் பாரிஸுக்கு அழைத்துப் போகிறார்கள். பேருந்தில் போய், பேருந்திலேயே தூங்கி, பேருந்திலேயே திரும்ப வேண்டும். விடுதி கிடையாது. சாப்பாடும் அவரவர் வீட்டிலிருந்து. ஐம்பத்து நான்கு வயதில் முதல் முறையாக மேற்கே போகிறேன். என் முதுகு என்ன சொல்லும் என்று கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லும்.

போகும் வழியில் வண்டி ஸ்ட்ராஸ்பூரில் நிற்கும். ஓட்டுநர் இளைப்பாற நாற்பது நிமிடம். உன் ஊர்ப் பெயரைப் பயணத் தாளில் பார்த்ததும் இரண்டு தடவை படித்தேன். நீ வர முடியுமா? வேலை இருந்தால் வேண்டாம். ஆனால் உன்னைப் பார்த்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எனக்குப் பார்க்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
மிலதா


ஸ்ட்ராஸ்பூர்
24 ஜூன் 1990

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். விலெமின் முழங்காலுக்கு என் அனுதாபம்.

வேலை பழையதுதான், லிஃப்ட் பழுதுபார்ப்பது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கிறார்கள். மறுநாள் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. மணமுறிவுக்குப் பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். அது பழகிவிட்டது.

பாரிஸில் தண்ணீர் விலைக்கு வாங்காதீர்கள். பூங்காக்களில் குழாய் இருக்கிறது. பெரிய கடைகளின் மேல் மாடியில் கழிப்பறை இலவசம். எதையோ வாங்க வந்தவள் மாதிரி நிமிர்ந்து நடந்து போனால் யாரும் கேட்கமாட்டார்கள்.

நாளும் நேரமும் எழுது. காலையில் விடுப்பு எடுக்க முடியும் என்று நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அம்மா இறந்தபோது அச்சடித்துத் தெருமுனைப் பலகையில் ஒட்டினீர்களே, கறுப்புக் கரை போட்ட அறிவிப்புத் தாள், அதில் ஒன்று உன்னிடம் இருந்தால் கொண்டுவா. நான் அதைப் பார்த்ததே இல்லை. அம்மா போன செய்தியே எனக்கு உன் கடிதத்தில் நான்கு மாதம் கழித்துத்தானே வந்தது. தாளாவது என்னிடம் இருக்கட்டும்.

அனைவருக்கும் என் அன்பு.

ஹீனெக்


ஓபவா
10 ஜூலை 1990

அன்புள்ள ஹீனெக்,

மாத்திரையை வேளை தவறாமல் போடு. இங்கே எல்லோரும் நலம். அலேனாவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை, பகலில் வந்து என் சமையலைக் குறை சொல்லத் தெம்பு இருக்கிறது.

ஊரே பாரிஸுக்குக் கிளம்புகிறது போல ஆயத்தம் நடக்கிறது. என் பக்கத்து இருக்கைக்காரி ஹெத்விகா, மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவள் ஈரல் விழுது டின்களை ஜூன் மாதத்திலிருந்தே பதுக்குகிறாள். நான் ரொட்டித்தூள் புரட்டிப் பொரித்த இறைச்சி கொண்டுபோகிறேன், மூன்றாம் நாள் வரை கெடாது. கூடவே அவித்த முட்டை, ஊறுகாய் வெள்ளரி, ஒரு முழு கேக். ஹெத்விகா தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கம்பிச் சுருளையும் எடுத்து வைத்திருக்கிறாள்.

"அத எங்கடி செருகுவ? மாதா கோயில் சுவத்துலயா?" என்று கேட்டேன்.

"அவ்ளோ பெரிய ஊர்ல ஒரு ஓட்டை கெடைக்காமலா போயிடும்?" என்கிறாள்.

விலெம் எங்களைப் பார்த்து, "நீங்க பாரிஸ் பாக்கப் போறீங்களா, முற்றுகை போடப் போறீங்களா?" என்று கேட்கிறார். அவருக்கென்ன, வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம்.

செப்டம்பர் 13 வியாழன் மதியம் கிளம்புகிறோம். 14 வெள்ளி காலை ஏழு மணிக்கு உன் ஊர். பெரிய தேவாலயத்துக்குப் பின்னால், ஆற்றங்கரையில் பேருந்துகள் நிற்கும் இடம் என்று தாளில் போட்டிருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே செர்ரி இந்த வருடம் நிறையக் காய்த்தது. பாதியைப் பறவைகள் தின்றன.

அக்கா


ஸ்ட்ராஸ்பூர்
6 ஆகஸ்ட் 1990

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வெயில் காலத்தில் லிஃப்டுகள் அதிகம் நின்றுபோகின்றன.

அந்த நிறுத்தம் தெரியும். அதற்கு நேர் எதிரே பச்சைத் திரைச்சீலை போட்ட காபிக் கடை ஒன்று இருக்கிறது. ஆறரைக்குத் திறப்பார்கள். நான் ஜன்னலோர மேசையில் இருப்பேன். நேரே உள்ளே வந்துவிடு. வெளியே காற்றில் நின்று பேச வேண்டாம்.

அறிவிப்புத் தாளைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. மறந்திருக்கலாம். தேடிப் பார். கிடைக்காவிட்டால் அதில் என்ன அச்சிட்டிருந்தது என்று நேரில் சொல். உண்மையைச் சொன்னால், நான் அதற்காகத்தான் வருகிறேன்.

ஹீனெக்


ஓபவா
27 ஆகஸ்ட் 1990

அன்புள்ள ஹீனெக்,

எல்லோரும் சுகம். பள்ளி திறக்கும் வாரம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பச்சைத் திரை, ஜன்னலோர மேசை, ஏழு மணி. மனதில் வாங்கிக்கொண்டேன். வருகிறேன்.

மற்றதை நேரில் பேசலாம்.

மிலதா


ஓபவா
23 செப்டம்பர் 1990

அன்புள்ள ஹீனெக்,

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. கால் வீக்கம் இப்போதுதான் வடிந்தது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பாரிஸ் பார்த்தாயிற்று. ஒன்றரை நாளில் பதினோரு இடம். கோபுரத்தின்மேல் ஏறவில்லை, கீழே புல்லில் உட்கார்ந்து முட்டை உரித்தோம். அதற்குக் கட்டணம் கிடையாது. நாற்பத்தைந்து பேர் ஒரே நேரத்தில் உரித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள். ஒரு ஜப்பானியர் கோபுரத்தை விட்டுவிட்டு எங்களைப் படம் பிடித்தார். நீ சொன்ன மாதிரியே நிமிர்ந்து நடந்து பெரிய கடையின் மேல் மாடிக்குப் போனேன். பின்னால் ஹெத்விகாவும் இன்னும் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்ததில் குட்டு உடைந்துவிட்டது. ஆனாலும் விட்டார்கள். அருங்காட்சியகத்தின் கழிப்பறையில் கம்பிச் சுருளைச் செருகி, பதினான்கு பேருக்குக் காபி போட்டோம். அந்தக் கட்டடத்தில் வேறு என்ன இருந்தது என்று கேட்காதே.

ஊர் அழகாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

ஸ்ட்ராஸ்பூரில் உன்னைக் காணவில்லை. ஏழு மணிக்குச் சரியாக வண்டி நின்றது. தூறல். எல்லோரும் ஆற்றங்கரைக் குட்டிச்சுவரில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் கடைக்கு எதிரே நின்றேன். எங்கள் வழிகாட்டி ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "கடைக்குள்ள காலெடுத்து வெச்சாலே காசுதான். உக்காந்தா அதுக்குத் தனி. சும்மா வேடிக்கை பாக்க யாரும் உள்ள போயிடாதீங்க." என்னிடம் இருந்த பிராங்க் மூன்று நாள் கழிப்பறைக்கு மட்டும் கணக்காக இருந்தது. அதனால் வெளியிலேயே நின்றேன். ஏழு நாற்பதுக்கு ஓட்டுநர் ஒலி எழுப்பினார், ஏறிவிட்டேன்.

உனக்கு வேலை வந்திருக்கும். பரவாயில்லை.

மிலதா


ஸ்ட்ராஸ்பூர்
5 அக்டோபர் 1990

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமென்று தெரிந்து மகிழ்ச்சி.

எனக்கு எந்த வேலையும் வரவில்லை. ஆறரை மணிக்குக் கடை திறந்ததிலிருந்து அதே ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு காபி சொல்லியிருந்தேன். எட்டு மணிவரை இருந்துவிட்டு இரண்டையும் நானே குடித்தேன். கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசியதால் வெளியே நிற்பவர்கள் யாரும் தெரியவில்லை.

"நேரே உள்ளே வந்துவிடு" என்று எழுதியிருந்தேன். தம்பி இருக்கும் கடைக்குள் வர அக்கா காசு கொடுக்க வேண்டுமா? வழிகாட்டி வேண்டாம் என்றார், நீ நின்றுவிட்டாய். உனக்கு எப்போதும் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

இனி எழுத எனக்கு ஒன்றுமில்லை. விலெமுக்கும் அலேனாவுக்கும் என் வணக்கம்.

ஹீனெக்


ஓபவா
28 அக்டோபர் 1990

அன்புள்ள ஹீனெக்,

சுகம் விசாரிப்பதை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் அதிலேயே தாளை நிரப்பிவிடுவேன்.

அன்று வெயிலே இல்லை, தூறல். ஆகவே நீயும் பொய் சொல்கிறாய், நானும் பொய் சொன்னேன். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

உன்னைப் பார்த்தேன். வண்டியிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன். முடி போய்விட்டது, ஆனாலும் ஒரு பக்கமாகத் தோளைச் சாய்த்து உட்காரும் அந்த உட்காரல் எனக்குத் தெரியாதா? ஹெத்விகாவும் பார்த்தாள். "அவர்தான? அப்பறம் ஏன் நிக்கிற?" என்றாள். காசு இல்லை என்றேன். "பத்து பிராங்க் இந்தா. திருப்பித் தர வேணாம், போடி" என்று கையில் திணித்தாள். கதவுவரை போனேன். பிடியில் கை வைத்தேன். பிறகு திரும்பி வந்து சுவரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாரிஸ் போய்ச் சேரும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

உள்ளே வந்தால் நீ அந்தத் தாளைக் கேட்பாய். அது என்னிடம் இருக்கிறது. பெட்டியில் கொண்டுதான் வந்தேன்.

அதில் உன் பெயர் இல்லை, ஹீனெக்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். இறந்தவரின் பெயருக்குக் கீழே துக்கப்படுகிறவர்களின் பெயரை வரிசையாகப் போடுவார்கள். கடைத்தெரு, ஆலை வாசல், பேருந்து நிற்குமிடம் எல்லாம் ஒட்டுவார்கள், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படிப்பார்கள். 1974 மார்ச்சில் அலேனாவுக்குப் பதினைந்து வயது. உயர்பள்ளி விண்ணப்பம் கட்சிக் குழுவின் மேசைமேல் இருந்தது. நாட்டை விட்டு ஓடியவனின் சகோதரி மகள் என்று யாரும் ஞாபகப்படுத்தாமல் இருந்தால் இடம் கிடைத்துவிடும் என்று தலைமையாசிரியர் சாடையாகச் சொல்லியிருந்தார். அவர் தாளைப் பற்றிச் சொல்லவில்லை. அது என் சொந்த யோசனை. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீ எழுதியது அங்கேதான் தவறு.

அச்சகத்தில் இருந்த பெரியவருக்கு நம் குடும்பத்தைத் தெரியும். பெயர்களை எழுதிக்கொண்டு, "மகள், மருமகன், பேத்தி. அவ்ளோதானா? ஒரு பையன் இருந்தானேம்மா?" என்று கேட்டார்.

"இல்ல. இவ்ளோதான், போடுங்க" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு அச்சுக் கோக்கப் போய்விட்டார். நான் அம்மாவின் பிள்ளையை இல்லை என்று சொன்னேன். அதைப் பதினாறு வருடமாக விலெமிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு நான்கு மாதம் எழுதாமல் இருந்ததற்குப் பயம் காரணமில்லை. வெட்கம். அலேனாவுக்கு இடம் கிடைத்தது. அவளுக்கும் இது தெரியாது.

எனக்கு இதற்கு மன்னிப்பு கேட்கத் தெரியவில்லை. கேட்கிறேன்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மாத்திரை போடுகிறாயா?

உன் அக்கா,
மிலதா


ஸ்ட்ராஸ்பூர்
20 ஜனவரி 1991

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை போடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு அட்டைகூட அனுப்பவில்லை. நான்கு முறை இந்தக் கடிதத்தைத் தொடங்கி நிறுத்தினேன்.

வெயில் இல்லைதான். உன்னை ஏழு மணி மூன்று நிமிடத்துக்குப் பார்த்தேன். கதவுப்பிடியில் உன் கையைப் பார்த்தேன். நான் எழுந்து நான்கு அடி வைத்திருந்தால் போதும். எழவில்லை. நானாக வந்து கூப்பிட்டால் அழுது முடித்து நாற்பது நிமிடத்தைக் கழித்துவிடுவாய், தாளைப் பற்றிச் சொல்லமாட்டாய். தானாக வரட்டும், தானாகச் சொல்லட்டும் என்று தூறலில் உன்னை நிற்கவைத்தேன்.

நீ அனுப்பிய தாளை என்னிடம் உள்ளதோடு சேர்த்து வைத்துவிட்டேன். ஆம், என்னிடம் ஒன்று இருக்கிறது. 1974 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நம் தெருக்காரன் ஒருவன் பலகையிலிருந்து கிழித்து, வியன்னா போன ஒருவர் மூலம் அனுப்பினான். ஓரத்தில் பசை இன்னும் ஒட்டியிருக்கிறது. அம்மா போனது எனக்கு மூன்று வாரத்தில் தெரியும். என் பெயர் இல்லாததும் தெரியும். ஜூலையில் உன் கடிதம் வந்தபோது புதிதாகக் கேட்டவன் மாதிரி பதில் எழுதினேன். சென்ற வருடம் தாளைக் கேட்டதும் சோதனைக்குத்தான்.

ஏன் இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை என்று நீ கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். அறுபத்தெட்டில் கிளம்பிய அன்று அம்மாவிடம், "ஞாயித்துக்கிழமை வந்துடுவேம்மா, வியன்னாவ சும்மா பாத்துட்டு வரேன்" என்றேன். அவள் கையில் மாவோடு நின்று, "சட்டை ஒண்ணு கூட எடுத்துக்கோடா" என்றாள். திரும்பப் போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அதற்குப் பிறகு அவளுக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. உன் தாள் வந்தது. கெட்டவள் நீ என்று வைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது, அக்கா. உன்னைத் திட்டாமலேயே பதினாறு வருடம் உன்மேல் கோபமாக இருந்தேன். திட்டியிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாய், கோபம் தீர்ந்திருக்கும்.

ஆக இருவருக்கும் சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன். நீயும் மன்னிப்பு கேட்டாய், நானும் கேட்கிறேன்.

மார்ச் கடைசியில் ஈஸ்டருக்கு ஓபவா வரலாமா என்று யோசிக்கிறேன். இங்கிருந்து பிராகாவுக்கு மலிவுப் பேருந்து ஒன்று விட்டிருக்கிறார்கள், நம் ஆட்கள் நடத்துவது. உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம், இரண்டு நாள்தான். விடுதியில் அறை எடுத்துக்கொள்கிறேன்.

விலெமின் முழங்கால் எப்படி?

உன் தம்பி,
ஹீனெக்


ஓபவா
17 பிப்ரவரி 1991

ஹீனெக்,

முழங்கால் அப்படியே இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்த அன்று நான் சமைக்கவில்லை. விலெம் தானாகவே ரொட்டி வெட்டித் தின்றார், காரணம் கேட்டார், சொன்னேன். அச்சகத்தில் நடந்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அலேனாவையும் உட்காரவைத்துச் சொன்னேன். அவள், "மாமா வரட்டும், நானே போய்க் கூட்டிட்டு வரேன்" என்றாள். நான் அழுதேன்.

இருவருக்கும் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சரியாகவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் உன் இரண்டு வரி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், எப்படிச் சொல்வது என்று பதினாறு வருடம் செத்துப் பிழைத்திருக்கிறேன். நீ தெரிந்துகொண்டே "அனைவருக்கும் வாழ்த்துகள்" என்று எழுதிக்கொண்டிருந்தாய். எனக்கு வந்த கோபத்தில் மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை. இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். இதையெல்லாம் தாளில் திட்டினால் நீ பாதியில் மடித்து வைத்துவிட்டு லிஃப்ட் பார்க்கப் போய்விடுவாய்.

ஆகவே வா. விடுதியில் அறை எடுத்தால் அந்த விடுதி வாசலிலேயே வந்து கத்துவேன், ஊருக்கெல்லாம் என்னைத் தெரியும், உனக்குத்தான் அவமானம். அலேனாவின் பழைய அறை காலியாக இருக்கிறது.

இரண்டு நாள் பற்றாது. இருபத்திரண்டு வருடச் சண்டை, இரண்டு நாளில் எனக்கு அதன் ஆரம்பத்தைக்கூடச் சொல்லி முடிக்க வராது. இரண்டு வாரம் விடுப்புக் கேள். தரமாட்டார்கள் என்றால், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்.

அது பொய்யில்லை. உன்னைப் பார்க்காமல் எனக்குச் சரியாகாது.

அக்கா